சுட்ட கோழியும் ஒரு நாள் சம்பளமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக் கொள்ளுங்கள். வரலாறு படிப்பிக்கிறவன் வீட்டில் சாப்பிட்டால் இதுதான் கதி என்று சனிக்கிழமை வந்த நண்பர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நான்கு பேர் சனிக்கிழமை இரவு ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு கோழி வாங்கி, தேசிக்காய்ச் சாறு, சேரை, மல்லி இலை, இஞ்சி, உள்ளி, உப்பு, கொச்சிக்காய்த் தூள் எல்லாம் அரைத்துப் பூசி ஊறவைத்து, சிரட்டைக்கரியில் சுட்டோம். மழை வந்ததால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. புகை முழுக்க வீட்டுக்குள்.

“இது எந்த நாட்டுச் சாப்பாடு மச்சான்?” என்று ஒருவன் கேட்டான். “யூடியூப் நாடு” என்று மற்றவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இந்தக் கோழியை எனக்குச் சொல்லித் தந்தது யூடியூப் இல்லை. நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, ஒரு மலாய் மூதாட்டி. அவர் இதை ‘ஆயம் பங்காங்’ என்பார். மலாய் மொழியில் சுட்ட கோழி, அவ்வளவுதான்.

இலங்கை மலாயர்களை நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்கள். 1803இல் கண்டியில் நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கமும் மலாய்ப் படை, கண்டி மன்னர் பக்கமும் மலாய்ப் படை. 1869இல் கொழும்பில் ‘ஆலமத் லங்காபுரி’ என்று ஒரு மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வந்தது. அதே 1869இல்தான் கோப்பிச் செடியின் இலையில் அந்தச் செம்மஞ்சள் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1873இல் மலாய்ப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. வேலை இழந்தவர்களில் பலர் பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள், சிலர் தோட்டங்களுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரியின் முன்னோரும் அப்படித்தான் மலைக்கு ஏறினார்களாம். சேரையும் ரம்பையும் நம் குசினியில் இவ்வளவு உரிமையோடு இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தேசிக்காயின் கதை இன்னும் நீளம். மரபணுவை ஆராய்ந்தவர்கள் இந்தச் சின்னக் காயைக் கலப்பினம் என்கிறார்கள். தாய் வழி பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு இனம், தந்தை வழி சிட்ரன் என்ற தடித்த தோல் காய். மலாயில் ‘லிமாவ்’, பாரசீகத்தில் ‘லீமூ’, அரபியில் ‘லைமூன்’. ஆங்கிலத்து லெமனும் லைமும் அரபி வழியாகப் போன சொற்கள். நம் எலுமிச்சையையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கப்பல்காரர்கள் காயை மட்டும் ஏற்றவில்லை, பெயரையும் ஏற்றியிருக்கிறார்கள்.

இப்னு பதூதா 1331இல் மொகதிஷுவில் இறங்கியபோது நெய்ச்சோறும் கோழியும் வந்தன, கூடவே உப்பில் ஊறிய எலுமிச்சையும் பச்சை இஞ்சியும். என்ன மாறிவிட்டது சொல்லுங்கள்! அதே மனிதர் 1344இல் இலங்கைக்கு வந்து, நம் ஊரிலிருந்து வானம் வெளித்த காலையில் தெரிகிற அந்த மலையில் ஏறினார். நாங்கள் பாவாத மலை என்போம், நண்பர்கள் சிவனொளிபாதமலை என்பார்கள். மேலே போக பாபா வழி, மாமா வழி என்று இரண்டு வழி இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஆதம் நபிக்கு ஒன்று, ஹவ்வாவுக்கு ஒன்று. நல்லதண்ணி வழியாக பஸ்ஸில் போய் ஏறும் நமக்கு அவர் பட்ட பாடு தெரியாது.

ஒரு விடயம்: ஹட்டன் குளிரில் தேசி மரம் சரியாகக் காய்க்காது. நான் இரண்டு தடவை நட்டுத் தோற்றவன். பழைய காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கொண்டுவந்த தவள மாடுகளில் முஸ்லிம் வியாபாரிகளின் மாடுகள் நிறைய. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, மறு ஆண்டு நானுஓயா போனது. அதன் பிறகு கீழ்நாட்டுக் காய் ஒரே நாளில் மேலே வந்தது, நம் தேயிலை கீழே போனது.

கொஞ்சம் விஞ்ஞானம். ஹட்டன் ஸ்டேஷன் பலகையில் உயரம் இருக்கிறது, 4141 அடி. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கொழும்பிலிருந்து வருகிற உறவினர்கள் “உங்கட ஊர் கோழி அவியுதே இல்ல” என்பார்கள். கோழி மேல் பிழை இல்லை, கொதிநீர்தான் சூடு குறைவு. தணலுக்கு இந்தக் கணக்கு கிடையாது. மலையில் இறைச்சியைச் சுடுவது புத்தியான வேலை. புளி விடயத்தில் மட்டும் அளவு வேண்டும். தேசிச்சாறு இறைச்சியின் மேல்பரப்பில் கொஞ்சத் தூரம்தான் போகும், உள்ளே போவது உப்பு. இரவு முழுக்கப் புளியில் போட்டால் மேல்பக்கம் மாவாகிவிடும். எனக்கு இரண்டு மணித்தியாலம் போதும். சேரையின் வெள்ளைத் தண்டை மட்டும் தட்டிப் போடுங்கள், இலை நார் பல்லில் சிக்கும்.

இவ்வளவும் நான் சொல்லி முடிக்கும்போது கோழி ஒரு பக்கம் கருகிவிட்டது. அப்போதுதான் நோர்வூட் பக்கத்திலிருந்து வந்த நண்பன் பேசினான்.

“கோழியோட வரலாறு சொல்றியே, யார் சாப்புட்டாங்கன்னு சொல்லலயே. எங்க அம்மாயி லயத்துல எப்பவும் அஞ்சாறு கோழி வளத்துச்சு. நாங்க திங்கறதுக்கில்ல. விக்கறதுக்கு. சாமிக்கு ஒரு சேவல் அறுத்தாத்தான் எங்களுக்குக் கறி.”

“யாருக்கு விற்பார்கள்?”

“உங்க அப்பா கடைக்குத்தான்.”

என் வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அவர் டவுனில் சின்னக் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பெண்கள் கொண்டுவருகிற கோழியை வாங்கி, பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்றார். பங்களா அப்பு அதை ரோஸ்ட் போட்டு துரைக்கு வைப்பார். அப்பா தராசு வைத்ததில்லை, கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார் என்று எங்கள் வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். நானும் வகுப்பில் அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

“வெல என்னன்னு அவர்தானே சொல்வாரு” என்றான் நண்பன். கோபமாக இல்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

கணக்குப் பார்த்தால் புரியும். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் மேல்மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் வைத்தார்கள். ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரே மலை, ஒரே மழை, கொழுந்தில் பெரும்பகுதியைப் பறித்தது பெண். அந்த 43 சதத்துக்கு வெளியே அவள் கையில் புழங்கிய காசு முட்டையும் கோழியும்தான். பெரட்டுக்களத்தில் பேர் போடாத வருமானம் அது. அதன் விலையைத்தான் கடைக்காரர் கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னார்.

1948 சட்டத்தில் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். நண்பனின் அம்மாயியுடைய தம்பி குடும்பம் அப்படிப் போனது. 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலத்துக்குப் பிறகு. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்பார்கள். சட்டி பானையைக் கொடுத்தாகிவிட்டது, கடைசியாகக் கோழிகள். அவசரமாக விற்பவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதையும் எங்கள் கடைதான் வாங்கியதா என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கோழிகளைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. நம் காட்டுக்கோழி நாட்டின் தேசியப் பறவை, ஆனால் கூட்டுக்கோழியின் மூதாதை அது இல்லை. மூதாதை, தென்கிழக்காசியப் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழி. கோழிக் காலின் மஞ்சள் நிறம் மட்டும் இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். லயத்துக் கோழிக்கும் இந்தியச் சொந்தம் இருந்திருக்கிறது, கோச்சியில் ஏற்றத்தான் யாரும் கூப்பிடவில்லை.

புரொயிலர் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவில் டெலவெயர் மாநிலத்தில் 1923இல் ஒரு பெண் 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்ததாம். அவர் வளர்த்து இறைச்சிக்கு விற்க, அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் 1977க்குப் பிறகு அது பரவி, சம்பள நாளில் தோட்டத்து வீட்டிலும் கோழிக்கறி மணந்தது. நண்பன் வயிறாரக் கோழி தின்ற காலம் அதுதான் என்கிறான்.

அதுவும் நீடிக்கவில்லை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. எத்தனை வருடப் போராட்டம்! மறு ஆண்டு, 2022இல், ஒரு கிலோ கோழி 1000 ரூபாயைத் தாண்டியது. ஒரு நாள் மலையேறி இறங்கினாலும் ஒரு கிலோ கிடையாது. என் வகுப்பில் பகல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்த பிள்ளைகள் அந்த ஆண்டு அதிகம். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிய சில நாள் ஆனது.

சாப்பிட்டு முடிய ஒன்பது மணி. கருகாத பக்கமாகப் பார்த்து இரண்டு தொடையும் ஒரு நெஞ்சுத் துண்டும் வாழையிலையில் சுற்றி, நண்பனின் அம்மாவுக்கு என்று கட்டிக் கொடுத்தேன். அவன் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

“ஒரு கிலோ வரும். வெலய இந்தத் தடவ நான் சொல்றேன் மச்சான்.”

“சொல்லு.”

“ஒன்பதாம் ஆண்டு விடைத்தாள் நாப்பது கெடக்கு. பாதிய நீ திருத்து.”

இதை எழுதி முடித்துவிட்டு அந்தக் கட்டைத்தான் பிரிக்கப் போகிறேன்.