ஐந்து இடங்களும் பதின்மூன்று ஆட்களும்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பேஸ்கட்பால் கோர்ட்டுக்குப் புதுசாக ஒரு பையன் வந்தால், முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். "நீ உசரமா கீற, போஸ்ட்டாண்ட நில்லு. நீ குள்ளம், பந்த எத்துனு போ." பத்து விநாடியில் அவன் இடம் முடிவாகிவிடும். உசரமானவனுக்கு நல்லா பாஸ் போட வருமா, குள்ளமானவன் எகிறி ரீபவுண்ட் எடுப்பானா என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது வகுப்பில் இருந்தது 18 பேர். அதனால் அணிக்கு ஒன்பது பேர். கார்டு, சென்டர், ஃபார்வர்டு என்று மும்மூன்றாகப் பிரித்தார். சில ஆண்டுகளில் அணி ஐந்து பேராகச் சுருங்கியது, பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான்.

அந்தப் பெயர்களை 2012இல் அசைத்துப் பார்த்தவர் முத்து அழகப்பன், அப்போது ஸ்டான்ஃபோர்டு மாணவர். அயஸ்டி என்ற நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு 2010-11 சீசனில் என்.பி.ஏ.வில் ஆடிய 452 பேரை எடுத்துக்கொண்டார். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர், ஃபவுல் என்று ஏழே கணக்கு. ஒருவர் மொத்தமாக எவ்வளவு செய்தார் என்றல்ல, ஆடிய நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தார். ஒரே மாதிரி ஆடுகிறவர்கள் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். ஐந்து கூட்டம் வரவில்லை, பதின்மூன்று வந்தது. பந்தைக் கொண்டுபோகிறவர்களே பல வகை. கூடைக்கடியில் காவல் நிற்பவர் ஒரு வகை. தூரத்திலிருந்தும் போட்டு ரீபவுண்டும் எடுப்பவர் இன்னொரு வகை. அதே சீசனில் கோப்பை வென்ற டல்லாஸ் மேவரிக்ஸில் வகைகள் கலந்திருந்தன. 17 ஆட்டம் மட்டுமே ஜெயித்து 65 தோற்ற மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸில் ஒரே மாதிரி ஆட்கள் குவிந்திருந்தார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. கன்டெய்னர் வருவதற்கு முன்பு மூட்டை இறக்கிய கேங்கில் தூக்குகிறவர்கள் இருந்தார்கள், விஞ்ச் ஓட்டுகிறவர் இருந்தார், கப்பலின் அடிவயிற்றை எட்டிப் பார்த்து அவருக்குக் கை காட்டுகிறவர் இருந்தார். எல்லாருமே பலசாலி, கை காட்ட மட்டும் ஆளில்லை என்றால் சரக்கு கீழே இறங்காது, யார் தலையிலாவது விழும்.

பதின்மூன்று என்பது வேதவாக்கு இல்லை. 2017இல் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸ் தனக்கு மூன்று வகை போதும் என்றார். ஏழு கணக்கில் வராத உழைப்பும் உண்டு: கூட்டாளிக்கு வழிவிட எதிராளியை மறித்து நிற்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. எண்ணியதை வைத்துத்தான் வகை பிரிக்க முடியும். எண்ணாததைச் செய்கிறவன் 'சும்மா இருந்தவன்' ஆகிவிடுவான். உயரத்தைப் பார்த்து ஒதுக்குவதைப் போலவே இதுவும் ஒரு அநியாயம்தான்.

ஆனால் நம்ம ஊர் கோர்ட்டில் பிரச்சினை அதற்கும் முன்னாடியே ஆரம்பிக்கிறது. வழக்கமான ஸ்கோர்ஷீட்டில் யார் எத்தனை புள்ளி போட்டார், எத்தனை ஃபவுல் செய்தார் என்பது இருக்கும். ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் இருக்காது. முப்பது நிமிடம் ஆடி ஆறு ரீபவுண்ட் எடுத்தவனை எல்லாருக்கும் தெரியும். எட்டே நிமிடம் ஆடி மூன்று எடுத்தவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நிமிடக் கணக்கில் பார்த்தால் முதல்வன் 0.2, இரண்டாமவன் 0.375. ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். பத்து ஆட்டம் இப்படியே போனால்?

இதற்கு ஸ்டான்ஃபோர்டும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். ஒரு நோட்டு, ஏழு கட்டம், ஆடிய நிமிடம். காயம்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் பையனே எழுதிவிடலாம். அடுத்த தடவை டீம் எடுக்கும்போது உயரம் பார்ப்பதற்கு முன்பு அந்த நோட்டை ஒருமுறை புரட்டினால் போதும்.