மாம்பலம்: ஏரிக்கரைச் சிற்றூர் நகரமான வரலாறு

மாம்பலம் தென்சென்னையின் ஒரு பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக இருந்தது. ஊருக்குக் கிழக்கே நீண்ட ஏரி ஒன்று பரந்திருந்தது. ஆங்கிலேயர் அதனை ‘லாங் டேங்க்’ என்று அழைத்தனர். மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ சாலை’ என்னும் பெயர் அந்த ஏரியை இன்றும் நினைவூட்டுகிறது.

இரயிலும் குடியிருப்பும்

1911-இல் மாம்பலம் இரயில் நிலையம் அமைந்தது. மக்கள்தொகை பெருகியதால் சென்னையில் வீட்டுமனைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. பிட்டி தியாகராயர், பனகல் அரசர், டி. எம். நாயர், முகமது உஸ்மான் முதலிய தலைவர்களின் பெயர்கள் நகருக்கும் பூங்காவுக்கும் சாலைகளுக்கும் சூட்டப்பட்டன.

1931-இல் கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனிலும் கோட்டைப் பகுதியிலும் வேலை பார்த்தவர்கள் மாம்பலத்தில் குடியிருந்து நாள்தோறும் சென்றுவர முடிந்தது. இலண்டனைச் சுற்றியும் இதே காலத்தில் இரயில் பாதையோரச் சிற்றூர்கள் இவ்வாறே வளர்ந்தன.

வசதிகளும் விலையும்

பூங்கா, பள்ளிகள், சந்தை, கடைகள் ஆகியவை குடியிருப்போருக்காகவே தோன்றின. பாண்டி பஜார், நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரால் அமைந்தது. பின்னர் கடைகளே ஊரின் அடையாளமாகிவிட்டன. இரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெரு ஒருகாலத்தில் குடியிருப்புத் தெரு. இன்று முழுக்கக் கடைத்தெரு. காலையில் இங்கிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்களைவிட, இங்கே பொருள் வாங்க வந்திறங்குவோர் பெருகினர். நெரிசலைக் குறைக்க, இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023-இல் திறக்கப்பட்டது.

ஏரியை இழந்த விளைவு இருவகையில் தெரிகிறது. கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தது. தியாகராய நகரில் வாழ்ந்த அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் சென்னைத் தெரு ஒன்றின் நீர்ப்பஞ்சத்தையே களமாகக் கொண்டது. மழைக்காலத்திலோ வடிய வழியின்றி நீர் தேங்குகிறது. 2015, 2021 ஆண்டுகளின் பெருமழையில் தியாகராய நகர், மேற்கு மாம்பலம் தெருக்கள் நீரில் மூழ்கின. மழைநீரைத் தேக்கிவைத்த பள்ளத்தில்தான் இந்நகர் எழுந்தது என்பதை ஒவ்வொரு பெருமழையும் உணர்த்துகிறது.