இரண்டு மரக்கால்

எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது யாரும் "ஒண்ணு" என்று சொல்லிக் கேட்டதில்லை. முதல் மரக்காலைச் சாக்கில் கவிழ்த்ததும் "லாபம்" என்பார் அளப்பவர். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒன்றாம் வகுப்பில் எண்ணச் சொன்னபோது நானும் லாபத்திலிருந்து தொடங்கி வகுப்பையே சிரிக்க வைத்தேன். பாமணியாற்றுப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு களத்தில்தான் ஆரம்பம்.

மரக்கால் என்ற சொல்லில் மரம் இருப்பதற்கு விளக்கம் வேண்டாம். முதலில் மரத்தில் கடைந்தார்கள். பின்னால் இரும்பிலும் பித்தளையிலும் வந்தபோதும் பெயர் மட்டும் மரத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு இன்னொரு பெயர் குறுணி. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி பதக்கு, நான்கு குறுணி தூணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். தூணியில் கால் பங்கு என்பதால் 'கால்' ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். பந்தயம் கட்ட மாட்டேன். சங்கப் பாட்டில் இதே பொருளுக்கு அம்பணம் என்று பெயர். பதிற்றுப்பத்தில் வருகிறது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் கூலக்கடைத் தெருவிலும் அம்பணத்தோடு அளப்பவர்கள் திரிகிறார்கள்.

அதே சிலப்பதிகாரத்தில் மரக்காலும் உண்டு, ஆனால் அது வேறு. பாம்பும் தேளுமாக வந்த அசுரர்களை மிதிக்கக் கொற்றவை மரத்தால் கால் கட்டி ஆடியது மரக்காலாடல். தஞ்சாவூரின் பொய்க்கால் குதிரையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆட்டம் நினைவுக்கு வரும். அளக்கிற மரக்காலிலும் பொய்க்கால் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று நடராசரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சாமி பெயரைச் சொல்லி அளந்தால் கை நடுங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஆதனூர்ப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். கையில் ஓலையும் எழுத்தாணியும். ஆண்டளக்கும் ஐயன் என்பது அவர் திருநாமம். திருமங்கையாழ்வாரின் திருவரங்கத்து மதில் வேலைக்கு வந்தவர்களுக்கு வணிகராக வந்து மணலை அளந்து கூலி கொடுத்தாராம். ஒழுங்காக உழைத்தவன் கையில் அது பொன்னானது, மற்றவனுக்கு மணலாகவே இருந்தது என்பது தலக்கதை. அந்தக் கதையில் சோதனை வேலைக்காரனுக்குத்தான். அளக்கிறவனைச் சோதிக்க யாரும் வரவில்லை.

அந்தச் சோதனை வந்தது 1940-களில். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களைத் திரட்டியபோது, தண்டனையாகப் புகட்டிய சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்பதோடு, கூலியை முத்திரை மரக்காலில் அளக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலைக் கேட்டதில் இருக்கிறது முழு வரலாறும். பல மிராசு வீடுகளில் வாங்குகிற மரக்கால் வேறு, கொடுக்கிற மரக்கால் வேறு. வாங்கும்போது கும்பாச்சியாகக் குவித்து, கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். போதாதென்று அடிப்பலகையைத் தடிமனாக வைத்த மரக்கால்களும் இருந்தன. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்திலும் இரண்டு மரக்கால் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றே நினைத்திருந்தேன்.

மெட்ரிக் அளவை வந்து லிட்டர் நுழைந்தது. இப்போது அதுவும் இல்லை. அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லைக் கொட்டிவிடுகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டை, மின்னணுத் தராசு, பதினேழு சதவீத ஈரப்பதம் என்று பேச்சு. களமே இல்லாத ஊரில் மரக்காலுக்கு என்ன வேலை? 'படியளக்கிற சாமி' மட்டும் பேச்சில் மிச்சம்.

இன்னொரு வேலை கிடைத்திருக்கிறது. போன தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் பித்தளை மரக்கால் நிறைய நெல்லை வைத்து, மேலே தென்னம்பாளை செருகி, போட்டோ எடுக்கும் இடமாக்கியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. "நம்ம களம் ஞாபகம் வருது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வயலில் நாற்பது வருஷம் நடவு நட்ட கிழவி ஒருத்தி பேரனோடு வந்திருந்தாள். முன்பு என்னைச் 'சின்னய்யா' என்பாள். இப்போது 'தம்பி'. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள் அந்த மரக்காலின் முன் நின்றாள். பாளையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நெல்லுக்குள் கையை ஆழ விட்டுத் துழாவினாள்.

"என்ன ஆச்சி தேடுறே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள், கையிலிருந்த சுணையைத் தட்டிக்கொண்டே. "அடி எங்க இருக்குன்னு பாத்தேன்."