டி.என்.ஏ. பழுதும் புரதங்களின் கூட்டுப்பணியும்

இலண்டன் ஹைகேட்ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வரும் தமிழர்களுக்கு ஆர்ச்வே நிலையம் பழக்கமானதே. அங்கிருந்து நிலத்தடி இரயிலில் சில நிலையங்கள் தெற்கே சென்றால் கிங்ஸ் கிராஸ் வரும். அதன் அருகில் 2016-இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையம் உள்ளது. உடைந்த டி.என்.ஏ.வை உயிரணு எவ்வாறு செப்பனிடுகிறது என்பது அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் ஒன்று.

நமது உயிரணு ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது. வெயிலும் புகையிலைப் புகையும் அதைச் சிதைக்கின்றன. அவை இல்லாவிட்டாலும், உடலிலுள்ள நீராலும் பிராணவாயுவாலும் ஓர் உயிரணுவில் தினமும் ஆயிரக்கணக்கான பழுதுகள் நேர்கின்றன. டி.என்.ஏ. தானாகவே சிதையும் என்று காட்டிய தோமஸ் லிண்டால், இலண்டனுக்கு வடக்கே கிளேர் ஹால் ஆய்வகத்தை நெடுங்காலம் நடத்தியவர். 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பழுதுகளில் மிகக் கொடியது இரண்டு இழைகளும் ஒருசேர அறுவது. அப்போது புரதங்கள் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் வேலை செய்கின்றன. எம்ஆர்ஈ11, ராட்50, என்பிஎஸ்1 என்னும் மூன்றும் சேர்ந்து அறுந்த முனையைக் கண்டு, ஏ.டி.எம். என்ற நொதியைத் தூண்டுகின்றன. ஏ.டி.எம். அருகிலுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் பாஸ்பேட் அடையாளம் இடுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு மற்றப் புரதங்கள் அங்கே திரள்கின்றன. பி53 என்னும் புரதம் உயிரணு பிளவுபடுவதை நிறுத்திவைக்கிறது. பழுது தீராததாயின் உயிரணுவை மாய்த்தும் விடுகிறது. 1979-இல் பி53-ஐக் கண்டறிந்த குழுக்களுள் ஒன்று இலண்டனில் பணியாற்றிய டேவிட் லேன், லயனல் க்ராஃபர்டு ஆகியோருடையது.

செப்பனிட இரண்டு வழிகள் உண்டு. கூ புரதங்கள் முனைகளைப் பிடித்து ஒட்டவைப்பது ஒன்று. இது விரைவானது, ஆனால் சில எழுத்துகள் தொலையலாம். மற்றது, பக்கத்திலுள்ள நகலைப் பார்த்துப் பிழையின்றி எழுதுவது. இதற்கு ராட்51 என்னும் புரதம் வேண்டும். அதை அறுந்த இடத்தில் கொண்டு சேர்ப்பது பி.ஆர்.சி.ஏ.2. இதன் மரபணுவை 1995-இல் இலண்டன் புற்றுநோய் ஆய்வுக்கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழு இனங்கண்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த அசோக் வெங்கிட்டராமனின் குழு, பி.ஆர்.சி.ஏ.2 ராட்51-ஐ எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை விளக்கியது.

இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் மார்பகம், சூலகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுகிறது. மற்றப் பிரதியும் கெட்ட உயிரணு, பார்ப் என்னும் வேறொரு செப்பனிடும் புரதத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அதையும் தடுத்துவிட்டால் அந்த உயிரணு மடியும், நல்ல உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைக்கும் என்று 2005-இல் இலண்டன், ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் காட்டினர். இந்த வழியில் வந்த ஒலாபரிப் மருந்து 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு சரிபாதி. நம் வீடுகளில், பெண்ணின் கலியாணம் கெட்டுவிடும் என்று அத்தைக்கு வந்த புற்றுநோயை மூடிமறைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தச் செய்தியை முதலில் அறிய வேண்டியவள் அந்தப் பெண்தான். அறிந்தால், குடும்ப மருத்துவரிடம் சொல்லி மரபணுச் சோதனை பற்றி அவள் காலத்தோடு கேட்கலாம்.