17 ஒட்டகங்களும் பாகப்பிரிவினைக் கணக்கும்

17 ஒட்டகங்களின் கதையை ஒரு முறையேனும் செவியுறாதவர் நம் ஜமாஅத்தில் இருக்க மாட்டார். ஒருவர் 17 ஒட்டகங்களை விட்டு மரணித்தார். மூத்த மகனுக்குப் பாதி, நடு மகனுக்கு மூன்றில் ஒன்று, இளைய மகனுக்கு ஒன்பதில் ஒன்று என்று சொல்லிச் சென்றார். மீதியின்றி வகுக்க வழியில்லை. வழக்கு ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் வந்தது. அன்னார் தம் ஒட்டகம் ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கி, 9, 6, 2 எனப் பிரித்தளித்துவிட்டு, எஞ்சிய தம் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றார்களாம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது, நாமும் இதை ஜும்ஆ பயானில் சொன்னோம். தொழுகை முடிந்து ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், அப்படியானால் தகப்பன் பிள்ளைகளுக்கு ஏற்றத்தாழ்வாக எழுதி வைக்கலாம் என்றுதானே ஆகிறது? மூத்தவன் என்னோடு கடையில் பாடுபட்டவன், அவனுக்குப் பாதி எழுத நினைக்கிறேன்" என்றார். நாம் திடுக்கிட்டோம். கதையின் சுவையில் மயங்கி, அதிலிருந்து ஒரு சட்டம் பிறக்குமே என்று எண்ணிப் பார்க்கத் தவறியிருந்தோம்.

கிதாபுகளைப் புரட்டினோம். ஆதாரபூர்வமான ஹதீஸ் தொகுப்புகள் எதிலும் இந்நிகழ்ச்சி இல்லை. எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையதென ஆய்வாளர்கள் காட்டுவது, 18ஆம் நூற்றாண்டில் ஈரானில் வாழ்ந்த முல்லா முஹம்மது மஹ்தி நராக்கீ அவர்களின் நூலையே. அலீ (ரலி) அவர்கள் ஷஹீதானது ஹிஜ்ரி 40இல், அதாவது 661இல். இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்! மேலும், திருக்குர்ஆன் நிர்ணயித்த பங்குகள் ஆறே: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஒன்பதில் ஒன்று அவற்றில் இல்லை. மகன்கள் தமக்குள் சமம். வாரிசுக்கு எழுதும் வஸிய்யத்தோ, மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது.

கதையை விட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1/2, 1/3, 1/9 மூன்றையும் கூட்டினால் முழு ஒன்று வராது; 17/18தான் வரும். பதினெட்டில் ஒரு பங்கைத் தகப்பன் யாருக்கும் சொல்லவே இல்லை. சொன்னபடியே பிரித்தால் எட்டரை, ஐந்தே மூன்றில் இரண்டு, ஒன்றே ஒன்பதில் எட்டு ஒட்டகங்கள். ஏறத்தாழ ஓர் ஒட்டகம் உரியவரின்றி நிற்கும். இரவல் ஒட்டகம் செய்த வேலை, அந்த மீதியை அவரவர் பங்கின் விகிதப்படியே மூவருக்கும் கொடுத்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வழி ஃபராயிள் கலைக்குப் புதிதன்று. பங்குகள் முழுமைக்குக் குறைந்து, மீதியைப் பெறும் அஸபா உறவினரும் இல்லையெனில், கணவன் மனைவி நீங்கலாக ஏனைய பங்குதாரர்களுக்கு அதை விகிதப்படி திருப்புவர். இதற்கு 'ரத்து' என்று பெயர்.

இதன் எதிர்ப்பக்கம்தான் கடினமானது. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் (634–644) ஒரு பெண் கணவனையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு மரணித்தார். கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் 7/6. இருப்பது ஒன்று, கேட்கப்படுவதோ ஒன்றுக்கு மேல். எவரைக் குறைப்பது? ஸஹாபாக்களிடம் கலந்தாலோசிக்கப்பட்டது. கடன் தொகை சொத்தை விஞ்சினால் கடன்காரர் அனைவருமே விகிதப்படி இழப்பர் அல்லவா, அதுபோலவே இங்கும் என முடிவாயிற்று. ஆறு பாகம் ஏழாக உயர்ந்தது. கணவனுக்கு 3, சகோதரிகளுக்கு 4. உயர்த்துதலாகிய இதுவே 'அவ்ல்'. இப்னு அப்பாஸ் (ரலி) பிற்பாடு இதில் கருத்து வேறுபட்டார்கள். நான்கு மத்ஹபுகளும் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பையே ஏற்றன.

அலீ (ரலி) அவர்களின் கணக்குத் திறனுக்குச் சான்று வேண்டுமெனில், ஃபராயிள் கிதாபுகள் சொல்லும் 'மிம்பரிய்யா' மஸ்அலா இருக்கிறது. மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. 24 பாகங்களில் முறையே 3, 16, 4, 4, கூட்டினால் 27. மிம்பரில் நின்றவாறே கேள்வி வர, அவளது எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என அன்னார் உடனே விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. 27இல் 3 என்பது ஒன்பதில் ஒன்றுதானே! கட்டுக்கதையில் தேடிய ஒன்பது, இங்கே முறையான கணக்கில் கிடைக்கிறது.

கலீஃபா மஃமூன் காலத்தில் (813–833) பக்தாதில் அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே இன்று நம் பிள்ளைகள் படிக்கும் அல்ஜிப்ரா. அதில் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்வதில்லை.

பெரியவரிடம் மறு ஜும்ஆவில், நாம் சொன்னது ஆதாரமற்ற கதை என ஒப்புக்கொண்டோம். வீட்டில் யார் யார் எனக் கேட்டோம். பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். முதலில் பேசியபோது மகளைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. தாளை எடுத்து எழுதிக் காட்டினோம்: அவர் காலத்துக்குப் பின் சொத்து எட்டு பாகம், மனைவிக்கு 1, மகன்களுக்கு இரண்டிரண்டாக 6, மகளுக்கு 1. எட்டும் சரியாக அமைந்தது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.