மேசைக்கணினி நினைவகமும் திருப்பெரும்புதூரும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம் சென்னைக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட திருப்பெரும்புதூர், 1998இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியபின் தொழில் நகராகவும் பெயர் பெற்றது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும், 2007இல் டெல் கணினி ஆலையும் இங்கு இயங்கத் தொடங்கின. டெல் ஆலை முதலில் மேசைக்கணினிகளையே உருவாக்கியது.

இங்கு நடந்தது பாகங்களைப் பொருத்தும் பணி. கணினிக்குள் இருந்த நினைவகச் சில்லுகள் வெளிநாட்டில் உருவானவை. எங்கோ செய்த சில்லு இங்குள்ள தாய்ப்பலகையில் பிழையின்றிப் பொருந்தியதற்குக் காரணம் பொதுத் தரநிலைகள். அவற்றை ஜெடெக் என்னும் அமைப்பு வகுக்கிறது.

தலைமுறைகள்

இன்றைய ரேமின் அடிப்படையை ஐ.பி.எம். பொறியாளர் இராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டறிந்தார். ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிவதால் இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நினைவு அழிகிறது. 1970இல் இன்டெல் 1,024 பிட் கொண்ட 1103 சில்லை வெளியிட்டது.

பின்வந்த மேசைக்கணினி நினைவகங்கள்:

- டி.டி.ஆர்.: 184 முனைகள், 2.5 வோல்ட்
- டி.டி.ஆர்.2: 240 முனைகள், 1.8 வோல்ட்
- டி.டி.ஆர்.3: 240 முனைகள், 1.5 வோல்ட்
- டி.டி.ஆர்.4: 288 முனைகள், 1.2 வோல்ட்
- டி.டி.ஆர்.5: 288 முனைகள், 1.1 வோல்ட்

டெல் ஆலை தொடங்கிய 2007இல்தான் டி.டி.ஆர்.3 தரநிலையும் வெளியானது. அப்போதைய மேசைக்கணினிகளில் பெரும்பாலும் டி.டி.ஆர்.2 இருந்தது. இரண்டிலும் முனைகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் மின்னழுத்தம் வேறு. தவறாகச் செருகாமலிருக்க, பலகையின் விளிம்பிலுள்ள சிறு வெட்டை இடம் மாற்றி அமைத்தனர். எனவே பொருந்தாத பலகையை அழுத்திச் செருக முயன்றால் செருகுவாய் உடையும்.

மாற்று நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தலைமுறையை அறிய வேண்டும். பழைய பலகையின் ஒட்டுச்சீட்டில் பி.சி.2 என்றிருந்தால் டி.டி.ஆர்.2, பி.சி.3 என்றிருந்தால் டி.டி.ஆர்.3. அடுத்து வரும் எண் வேகத்தைக் காட்டும். ஒரு முறைக்கு 8 பைட்டுகள் செல்வதால், 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600 கிடைக்கும், அது டி.டி.ஆர்.3-1600 ஆகும். வேறுபட்ட வேகங்களைச் சேர்த்தால், இரண்டும் பொதுவாகக் குறைந்த வேகத்திலேயே இயங்கும்.

அடுத்து, தாய்ப்பலகை ஏற்கும் உச்சக் கொள்ளளவைக் கையேட்டில் பார்க்க வேண்டும். 32 பிட் விண்டோசில் 4 ஜி.பி.க்கு மேல் சேர்த்தால் பெரும்பாலும் பயனில்லை. மடிக்கணினிப் பலகை நீளம் குறைந்தது, மேசைக்கணினியில் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கும் வழங்கிக் கணினிகளுக்கான 'ரெஜிஸ்டர்டு' வகையும் சாதாரணத் தாய்ப்பலகையில் இயங்காது.

புதிய தலைமுறை பரவியபின் பழையதன் உற்பத்தி சுருங்குகிறது. அதன்பின் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பயன்படுத்திய பலகைகளைத் தேட வேண்டியிருக்கும். இந்தச் சிறு விவரங்களை அறிந்தவர், பள்ளி ஆய்வகத்தில் மெதுவாக இயங்கும் கணினியைக் குறைந்த செலவில் இன்னும் சில ஆண்டுகள் மாணவர்களுக்குப் பயன்படச் செய்யலாம். அறியாவிட்டால் பணமும் வீணாகும். நல்ல கணினியும் மின்கழிவாகும்.