சயாம் எல்லையும் பேராக் தோட்டத் தமிழரும்

நாட்டெல்லை இயற்கை வகுத்ததன்று. பெரும்பாலும் ஆள்வோர் வகுத்ததே. மேற்கு ஆப்பிரிக்காவில் ஈவே மொழி பேசும் மக்கள் கானாவிலும் தோகோவிலும் பிரிந்து வாழ்வது ஐரோப்பியர் இழுத்த கோட்டால் நேர்ந்தது. பேராக் மாநிலத்தின் வட எல்லையும் அத்தகையதே. 1909ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் சயாம் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால், இன்று பெங்காலான் ஹுலு எனப்படும் குரோ பேராக்கோடு சேர்ந்தது. கெடா, பெர்லிஸ் முதலியனவும் ஆங்கிலேயர் வசமாயின. இன்று குரோவைக் கடந்து பெத்தோங் நகருக்குச் செல்வோர் கடவுச்சீட்டைக் காட்டிச் செல்கின்றனர்.

கடவுச்சீட்டும் விருப்பமும் இன்றிச் சயாம் எல்லையைக் கடந்தாரும் உண்டு. அவர்கள் தோட்டத் தமிழர்.

1918ஆம் ஆண்டு பெர்லிசிலுள்ள பாடாங் பெசாரில் மலாயா, சயாம் இருப்புப்பாதைகள் இணைந்தன. வணிகத்துக்கென அமைந்த அவ்வழியே பின்னர்த் துயர வழியாயிற்று. ஜப்பானியர் 1942இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு பணி விரைவுபடுத்தப்பட, மலாயாத் தோட்டங்களில் ஆள் திரட்டலும் மிகுந்தது. அது ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவான காலம். கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிச் சென்றார் சிலர். பிடித்துச் செல்லப்பட்டார் பலர்.

சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு எல்லை கடந்தவர்கள், பான் போங்கில் இறக்கப்பட்டுக் காட்டு முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. 1943 அக்டோபர் 17ஆம் நாள் பாதை நிறைவெய்தியது. மலாயாவிலிருந்து சென்றோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர் என்பர். அவருள் பெரும்பாலோர் தமிழரே. மாண்டோர் பல்லாயிரவர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெயர் தாங்கி நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளருக்கோ பெயர் பொறித்த கல் இல்லை. அவர்கள் பெயர் வாழ்ந்தது லயத்து வீடுகளில், மனைவி மக்கள் நினைவில். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்தன, நினைவுடையோரும் மறைந்து வருகின்றனர்.

தமிழாசிரியர் இதனைப் பாடமாக நடத்துவதோடு அமையலாகாது. தம் குடும்பத்தில் சயாமுக்குச் சென்று மீளாதவர் யார் என மாணவர் முதியோரைக் கேட்டு எழுதிவரச் செய்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் வரலாற்றுச் சான்றன்றோ?